எட்டு இன்ச் அம்மா

1. திரை மேல் ஸ்கேல்

கேக்கின் மேல் ஆள் படம் ஒட்டும் வேலையில் நான் கெடுத்த முதல் தாளைப் பற்றிச் சொல்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் படித்துவிட்டுச் சிரிக்கலாம். அவசரப்பட்டு முழுவதும் சிரித்துவிட வேண்டாம், இரண்டாவது தாளும் இருக்கிறது.

எங்கள் கேக் கடை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து திரும்பும் சந்து முனையில் இருக்கிறது. முதலாளி கமாலுக்கு முப்பது வயது. அந்த வயதில் எனக்கு மகன் இருக்கிறான், பேரப்பிள்ளைகள் மூன்று. ஆனாலும் கடையில் எல்லோரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். வேலைக்குச் சேரும்போதே பேசி முடித்த விஷயம் அது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். நான்காம் வகுப்பு வாத்தியார் கொடுத்து வைத்தவர்.

கிரீம் பூசுவதும் பூப் போடுவதும்தான் என் வேலை. படம் அடிக்கிற பெண் பிரசவத்துக்குப் போனதால் கம்ப்யூட்டர் என் தலையில் விழுந்தது. படம் அடிப்பது சீனித் தாளில். மையும் தாளும் தின்னக் கூடியவை. அடித்ததை உரித்துக் கேக் மேல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு சனிக்கிழமை காலை கெலுகோரிலிருந்து ஸ்டெல்லா வந்தார். பள்ளிக்கூடத்தில் கிளார்க். அவருடைய அம்மாவுக்கு எண்பது வயது, சாயந்திரம் ஐந்து மணிக்குக் கேக் வெட்ட வேண்டும். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து அம்மாவை மட்டும் வெட்டி எடுத்து ஃபோனில் வைத்திருந்தார். கேக் பத்து இன்ச் சதுரம், படம் எட்டு இன்ச் இருக்க வேண்டும் என்றார்.

படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். இழுத்துப் பெரிதாக்கினேன். திரை மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். சரியாக எட்டு இன்ச் வந்ததும் பிரிண்ட் அழுத்தினேன்.

தாளின் நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் அம்மா வந்தார்.

கமால் எடுத்துப் பார்த்தார்.

"ஏன்க்கா, கேக்க போஸ்ட்ல அனுப்பப் போறோமா? ஸ்டாம்ப் ஒட்டியிருக்கீங்க."

2. புள்ளிக் கணக்கு

திரையில் தெரிவது கண்ணுக்காக, தாளில் வருவது வேறு கணக்கு என்று கமால் விளக்கினார். அகலவாக்கில் இந்தப் படத்தில் இருநூற்று நாற்பது புள்ளிதான். அதற்குப் பெயர் பிக்சல். ஓர் இன்ச்சுக்கு முந்நூறு புள்ளி என்று திரையில் அளவு கேட்கும் கட்டத்தில் போட்டிருந்ததால் முழுப் படமும் ஓர் இன்ச்சுக்குள் அடங்கிவிட்டதாம்.

புரிந்த மாதிரி தலையாட்டினேன். அவர் அடுப்புப் பக்கம் போனதும் முந்நூறில் ஒரு சைபரை அழித்தேன். திரையில் எதுவும் மாறவில்லை. அம்மா அதே இடத்தில் அதே மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் மாறாததை அடித்தால் எதுவும் ஆகிவிடாது என்று அழுத்தினேன்.

இந்த முறை தாள் முழுக்க அம்மா. எட்டு இன்ச்தான், ஸ்கேல் வைத்தும் பார்த்தேன். ஆனால் மூக்கெல்லாம் கட்டம், கண்ணெல்லாம் கட்டம். குளியலறைக்கு ஓடு பதித்த மாதிரி இருந்தது.

கமால் திரும்பி வந்து பார்த்தார். பிறகு கலர் சீனி டப்பாவை எடுத்தார். ஒரு கரண்டியைக் கப் கேக்கில் தூவினார், மூடிக்கொண்டது. இன்னொரு கரண்டியை ஒரு பெரிய தட்டில் தூவினார். இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று கிடந்தது.

"அதே கரண்டிதான்க்கா. இடம் பெருசானா சீனி கூடுமா? கூடாதுலா."

அது புரிந்தது. ஆனால் மிச்சம் இருந்தது ஒரே சீனித் தாள். புதுக் கட்டு திங்கட்கிழமைதான் வரும். கமாலே உட்கார்ந்து இரண்டு இன்ச் அளவில் அடித்தார். அச்சு அசலாக, காதுத் தோடு வரைக்கும் தெரிந்தது.

ஸ்டெல்லாவிடம் காட்டினோம். அவர் பாராட்டவில்லை. கண் கலங்கிவிட்டது.

"இல்லைங்க, அம்மாவுக்குக் கண்ணுல பொறை. ஆபரேஷனுக்கு நாள் குடுத்திருக்காங்க. இத்துணூண்டு இருந்தா அவங்களுக்கு வெறும் கறைதான். தன் மூஞ்சிய ஒரு தடவ பாக்கட்டும்னுதான் பெருசாக் கேட்டேன்."

கமால், பெரிதாக அடித்தால் கட்டம் கட்டமாகத்தான் வரும், அதற்கு மேல் புள்ளி இல்லை என்றார். ஸ்டெல்லா ஃபோன் போட்டுப் பெரிய படம் கேட்டார். யாரிடமும் இல்லை.

3. கண்ணாடியைக் கழற்றியது

என் மூக்குக் கண்ணாடியில் சீனிப் பொடி அப்பியிருந்தது. துடைக்கக் கழற்றினேன். மேசையில் நான் கெடுத்துவைத்த இரண்டாவது தாள் கிடந்தது. அதில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மூக்கு மூக்காக, கண் கண்ணாக. கண்ணாடியைப் போட்டேன், குளியலறை. கழற்றினேன், அம்மா. எனக்குத் தலை சுற்றியது. மாவு பிசைகிற மெஷின்கூட இப்படிச் சுற்றியதில்லை.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பொறை விழுந்த அவர் அம்மா பார்க்கிற மாதிரி பார்க்கச் சொன்னேன். பார்த்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். கமால் நம்பவில்லை. தாளை நான் பிடித்துக்கொண்டு அவரைச் சாலைக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போனார், நின்றார், திரும்பி வந்தார்.

"அங்கேர்ந்து நல்லாத்தான் இருக்கு. ஆனா பக்கத்துல நின்னு யாராவது ஃபோட்டோ எடுத்துப் போட்டா நம்ம கடை பேரு என்னாவுறது?"

"கேக்கு யாரு பாக்கறதுக்கு தம்பி? ஃபோட்டோ எடுக்கறவனுக்கா பொறந்தநாளு?"

கெட்ட தாளையே உரித்துக் கேக் மேல் ஒட்டினேன். சுற்றி வெள்ளைக் கிரீமில் பூப் போட்டேன். கமால் மட்டும் கடைப் பெயர் போடாத பெட்டியாகத் தேடி எடுத்து வந்தார்.

திங்கட்கிழமை ஸ்டெல்லா வந்து நடந்ததைச் சொன்னார். வந்தவர்கள் எல்லாரும் படம் உடைந்துபோயிருக்கிறது என்றார்களாம். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துக் கேக்கைக் காட்டியிருக்கிறார்கள். கிழவி குனிந்து பார்த்துவிட்டு, இது நான்தானே என்றாராம். அதோடு நிற்கவில்லை.

"அது என் பச்சைச் சேலையாச்சே. எந்த மருமக எடுத்துட்டுப் போனா?"

ஒரு மருமகள் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனவள் ரொம்ப நேரம் வரவில்லையாம்.

பிக்சல் என்றால் என்ன என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குக் குழப்பம்தான். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். திரையில் ஸ்கேல் வைக்காதீர்கள். சீனித் தாளைத் தொடுவதற்கு முன் சாதாரணத் தாளில் ஒன்று அடித்துக் கேக் அட்டை மேல் வைத்துப் பாருங்கள். நீங்கள் எவ்வளவு இழுத்தாலும் புள்ளி குட்டி போடாது. எத்தனை இன்ச் என்று கேட்ட கையோடு, யார் பார்க்கப் போகிறார்கள், எங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள்.

இதைக் கமாலிடம் சொன்னபோது, ஆர்டர் புத்தகத்தில் எழுதி வையுங்கள் என்றார். எழுதியிருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஓர் எழுத்து வீதம், அவர் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றாலும் படிக்கிற மாதிரி.