தெய்வானையின் நாக்குக்காக ஊர் ஊராய்ச் சாப்பிட்டது

இதை எழுத இரண்டு வருஷம் தயங்கினேன். எட்டாவதோடு நின்றவன் நான். ஓட்டலில் தின்றதை எழுதினால் சிரிப்பார்களே என்று கூச்சம். காரமடை ரங்கநாதர்மேல் பாரத்தைப் போட்டு இன்று உட்கார்ந்தேன்.

என் மனைவி தெய்வானைக்குத் தொண்டையில் வந்த கட்டியை ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்து, அதாவது கதிர்வீச்சுக் கொடுத்துக் கரைத்தார்கள். கட்டியோடு நாக்கின் ருசியும் போய்விட்டது. சோற்றைத் தொட்டால் மண் என்பாள். உடம்பு துரும்பாகிவிட்டது. "இன்னும் எடை எறங்குனா மூக்குல குழாய் போட வேண்டி வருமுங்க. பழகாத ருசியாக் குடுத்துப் பாருங்க" என்றார் டாக்டர்.

சனிக்கிழமை மதியத்தோடு நான் வேலை பார்க்கும் பட்டறை லீவு. பெரியநாயக்கன்பாளையத்தில் டவுன் பஸ் ஏறினோம். அவளுக்கு இலவசம், எனக்குப் பதினைந்து ரூபாய். காந்திபுரத்தில் பஸ் மாறி, பீளமேட்டில் கல்லூரிப் பிள்ளைகள் நிறைந்த ஒரு கொரியா ஓட்டலுக்குப் போனபோது மணி இரண்டரை. சனிக்கிழமை எங்களுக்குக் கவுச்சி ஆகாது. காய் போட்ட சோறு கொடுத்தார்கள், இருநூற்று எண்பது ரூபாய். காரத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. அவள் இரண்டு வாய் தின்றாள். பரிமாறிய பெண் கேட்டதற்கு, "ரொம்ப நல்லா இருக்குதுங் கண்ணு" என்றாள்.

அதை நம்பி, அடுத்த வாரமும் அங்கேயே கூட்டிப்போனேன். மறுபடியும் இரண்டே வாய். திரும்பும்போது கேட்டேன்.

"நல்லா இருக்குதுன்னியே அம்மணி?"

"ஆக்கிப் போட்டவங்க மொகத்துக்கு நேரா வேறென்னங்க சொல்றது?"

எங்கள் பக்கத்து மரியாதை அது.

மூன்றாம் வாரம் உக்கடத்தில் அரபு ஓட்டல். கவுச்சி வேண்டாமென்றதும் கடைக்கார பாய் சிரித்தார். "கொண்டக்கடலை அரைச்சதும் ரொட்டியும் தாரேன். உங்க பெருமாளே வந்தாலும் சாப்புடலாமுங்க." அவரிடமும், "நல்லா இருக்குதுங்க" என்றாள். பிறகு ஒரு இத்தாலி ஓட்டல். அங்கும் அதே பதில். திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். தோளில் கனமே தெரியவில்லை. "எத்தனை ஓட்டல்தான் ஏறி எறங்கறது சாமீ" என்று அன்று பெருமாளிடம் கோபித்துக்கொண்டேன்.

ஐந்தாம் வாரம், காந்திபுரத்தில் மாடிப்படி ஏறிப் போகும் சின்னத் திபெத்து ஓட்டல். சமைத்த அம்மாவே பரிமாறினார். நாற்பது வயதிருக்கும், இங்கேயே தமிழ் பழகியவர். இஞ்சி மணக்க, சேமியா மாதிரி நீளமாக ஏதோ மிதக்கும் சூப் நூற்று இருபது ரூபாய்.

"எப்படிங்க அக்கா இருக்கு?"

தெய்வானை ஒரு கரண்டி குடித்தாள். இன்னொரு கரண்டி. முகத்தைச் சுளித்தாள்.

"உப்புப் பத்தலீங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒருத்தர் சமையலை முகத்துக்கு நேரே அவள் குறை சொல்லி நான் கேட்டதே இல்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, எனக்கு உப்புத் தெரியுதுங்க."

கை கூப்பினேன், கண் நிறைந்துவிட்டது. அந்தம்மா உப்புக் கிண்ணத்தோடு ஓடிவந்து இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "உப்புக் கம்மிக்கா இந்த அழுகை?" தெய்வானை சிரித்துக்கொண்டே உப்பைப் போட்டுக் கலக்கி, கிண்ணம் காலியாகும்வரை குடித்தாள்.

வாய் ருசி போய்ச் சோர்ந்தவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதைச் சொல்லுங்கள். அற்புதம் என்று பெரிதாக்க வேண்டாம். வீணாய்ப் போய் வந்த வாரங்களையும் விட்டுவிடாமல், நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். அவர்களுக்கு அந்த வாரங்கள்தான் தேவைப்படும்.