ராகிக் குழி கேஸில் நான் சாட்சி

நான் ஒரு முட்டாள். என் மனைவி இதைப் பல வருஷமாகச் சொல்லி வருகிறாள். நான் சட்டை செய்ததில்லை. இப்போது கோர்ட்டு முத்திரையோடு அத்தாட்சியே வந்துவிட்டது. இனி மறைத்துப் பயனில்லை.

அத்தாட்சி எது தெரியுமோ? இதே பத்திரிகையின் இதே பக்கம்தான்! போன வருஷத்து இதழிலிருந்து கிழித்து, ஓரத்தில் ‘எக்ஸிபிட் ஏ-3’ என்று சிவப்பு மையில் எழுதி, கிருஷ்ணகிரி கோர்ட்டில் ஒரு கட்டோடு சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறார்கள்.

ஞாபகம் இருக்கிறதா? தளி பக்கத்துக் கிராமம் ஒன்றில், மாடுகளிடம் மூன்று பாஷையில் பேசும் ஓர் அம்மாளைப் பற்றி எழுதியிருந்தேனே... விடிவதற்கு முன் தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு வயலைச் சுற்றி ஓடுவாள், நல்ல ராகியைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுவாள் என்றெல்லாம்? விழுந்து விழுந்து சிரித்ததாக நீங்களும் கடிதம் போட்டீர்கள். மன்னார்குடி வாசகர் ஒருவர், ‘அந்த அம்மாளை யாராவது ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கூடாதா?’ என்று கேட்டிருந்தார். படித்துவிட்டுப் பூரித்துப் போனேன்.

அங்கே என்னை அழைத்துப் போனவன் மாதப்பன். ஓசூரில் எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். “எங்க தொட்டம்மா ஒரு மாதிரி சார். வந்து பாருங்க, எழுதறதுக்கு நல்லா இருக்கும்” என்றான். தொட்டம்மா என்றால் பெரியம்மா. அவன் அப்பாவுக்கு அண்ணன் மனைவி. பெயர் நஞ்சம்மா. வயது ஐம்பது இருக்கும். கணவன் இல்லை, குழந்தை இல்லை.

நானோ தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். மனைவியின் மூச்சிரைப்புக்குக் காற்று மாறினால் நல்லது என்று டாக்டர் சொன்னதால் மூன்று வருஷமாக ஓசூர் வாசம். எனக்கு நெல் தெரியும்—அதாவது, சாதமாகி இலைக்கு வந்த பிறகு. ராகியைப் பற்றி அதுகூடத் தெரியாது. பத்து மணி பஸ்ஸில் போனேன். அரை நாள் இருந்தேன். ஒரு கூடை அவரைக்காயோடு திரும்பினேன். மறுநாளே கட்டுரையைத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

போன மாதம் கோர்ட்டுச் சிப்பந்தி ஒருவர் வந்து சம்மனை நீட்டினார். சாட்சி சொல்ல வேண்டுமாம், என் கட்டுரை சம்பந்தமாக.

“யாரையாவது திட்டி எழுதினீங்களா?” என்றாள் மனைவி.

“இலக்கியம் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கு. உனக்கென்ன தெரியும்?” என்றேன். ஜரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டேன். பேனாவில் புது மை நிரப்பினேன். யாராவது கையெழுத்துக் கேட்டால் மை தீர்ந்துவிடக் கூடாது பாருங்கள்!

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் மாதப்பன். குருபரப்பள்ளியில் பஸ் நின்றபோது அவனே டீ வாங்கிக் கொடுத்தான். அவன்தான் மனுப் போட்டவன் என்பதும் அங்கேதான் தெரிந்தது.

“ஒண்ணும் இல்ல சார். நீங்க எழுதினத அப்படியே சொன்னா போதும். தொட்டம்மாவுக்குப் புத்தி சரியில்லன்னு கோர்ட்டு சொல்லிட்டா, நிலத்தப் பாத்துக்க என்னய மேனேஜராப் போட்டுருவாங்க. தொட்டம்மாவையும் எங்கயாச்சும் நல்ல எடத்துல சேத்துப் பாத்துக்கலாம்.”

டீ கிளாசைக் கீழே வைத்தேன்.

மெதுவாக விசாரித்தேன். நஞ்சம்மாவின் நிலம் கணவன் வழி வந்தது. பழைய வழக்கப்படி விதவைக்கு ஆயுள் வரைதான் அனுபவம். விற்க முடியாது. அவளுக்குப் பின் கொழுந்தன் மகனுக்கு. மாதப்பனும் பொறுமையாகக் காத்திருந்தான். இப்போது வந்திருக்கிறதே புது இந்து வாரிசுச் சட்டம், அதன்படி நிலம் முழுக்க அவளுடையது. விற்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். சட்டம் வந்த பிறகுதான் தொட்டம்மாவுக்குப் புத்தி பேதலித்திருப்பது மாதப்பன் கண்ணில் பட்டிருக்கிறது!

சேலம் ஜில்லா கோர்ட்டில் மனு. சேலத்துக்கும் தளிக்கும் வெகு தூரம் என்பதால், அந்த அம்மாளை நேரில் விசாரித்து எழுதும்படி கிருஷ்ணகிரி ஜட்ஜுக்கு அனுப்பியிருந்தார்கள்.

கோர்ட்டு வராந்தாவில் நஞ்சம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணி மூட்டை, மத்தியானத்துக்கு ராகிக் களி. என்னைப் பார்த்ததும், “வாங்கய்யா, அவரக்கா நல்லா இருந்துச்சா?” என்றாள். அங்கவஸ்திரத்தைச் சுருட்டிப் பைக்குள் திணித்தேன்.

முதல் சாட்சி நான்.

ஜட்ஜ் என் கட்டுரையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை உரக்கப் படித்தார். ஓர் இடத்திலும் சிரிக்கவில்லை. எழுத்தாளன் யாருக்கும் இப்படி ஒரு தண்டனை வரக் கூடாது.

“இது நீங்க எழுதினதுதானே?”

“கமா உள்பட, யுவர் ஆனர்.”

அதற்கும் சிரிக்கவில்லை. ஒரு நீலப் பென்சிலை எடுத்தார்.

“அந்த அம்மா தாம்பாளத்தைத் தட்டிக்கிட்டு ஓடினதை நீங்க பார்த்தீங்களா?”

“நான் போனது பத்து மணி பஸ்ஸில்...”

“பார்த்தீங்களா?”

“இல்லை. மாதப்பன் சொன்னான்.”

ஒரு கோடு.

“அழுததைப் பார்த்தீங்களா?”

“கண்ணைத் துடைச்சாங்க...”

“அழுதுதான் துடைச்சாங்களா?”

“தூசியாகவும் இருக்கலாம்.”

“பின்னே அழுதாங்கன்னு ஏன் எழுதினீங்க?”

“ஒரு... ஒரு சுவைக்காக.”

ஜட்ஜ் குமாஸ்தா பக்கம் திரும்பினார். “சுவைக்காகச் சேர்த்தது. எழுதிக்குங்க.” குமாஸ்தாவின் பேனா கறகறவென்று அதை எழுதியது. இருபது வருஷமாக எழுதுகிறேன், ஐயா. என் எழுத்தை இவ்வளவு கவனமாகப் படித்தவர் இவர் ஒருவர்தான். கோடு போட்டது போக என் கட்டுரையில் மிஞ்சியது, தளிக்கு நான் பஸ்ஸில் போனேன் என்ற சங்கதி.

அடுத்து நஞ்சம்மா. அவளுக்கு ஒரு ஸ்டூல் போடச் சொன்னார் ஜட்ஜ். தமிழா, கன்னடமா, தெலுங்கா, எதில் பேசினால் சௌகரியம் என்று கேட்டார்.

“உங்களுக்கு எது சௌகரியமோ அதுல கேளுங்க சாமி. நான் சொல்றன்.”

மாதப்பனின் வக்கீல் எழுந்தார். “மாட்டுக்கிட்ட பேசறது உண்டா அம்மா?”

“பேசாம எப்பிடிங்க ஏர் ஓட்டறது?”

“மூணு பாஷையில?”

“செவலைய ஆனேக்கல் சந்தையில புடிச்சதுங்க, அது கன்னடத்துல பழகுனது. மயிலைய குப்பத்துல வாங்குனது, அதுக்குத் தெலுங்குதான் தெரியும். பசு நம்மூட்டுலயே பொறந்தது, தமிழு. எனக்கு மூணும் வரும். அதுங்களுக்கு ஒண்ணுதானுங்களே வரும்?”

ஜட்ஜ் இதை மூன்று வரியில் எழுதிக்கொண்டார்.

“தாம்பாளத்தைத் தட்டிக்கிட்டு ஓடறது?” என்றார் வக்கீல்.

“காட்டுப்பன்னி வருதுங்க. சில வருசம் ஆனையே வருது. தட்டாம, வெத்தல பாக்கு வெச்சா அழைக்கறது?”

“ராகியை மண்ணுல புதைக்கறது?”

“பொதைக்கறனுங்க.”

“ஒப்புக்கொள்கிறார்!” என்று வக்கீல் கையை விரித்தார். அவர் சேலத்திலிருந்து வந்தவர். கதவருகே நின்ற டவாலிச் சேவகருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ஏனய்யா சிரிக்கிறீர்?” என்றார் ஜட்ஜ்.

“மன்னிக்கணுங்க. நமக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம். எங்க ஊட்டுலயும் ரெண்டு குழி இருக்குதுங்க. ஒழுங்கா மூடுனா பத்து வருசம் ஆனாலும் ராகி கெடாதுங்க.”

ஊரே செய்கிற காரியம்! நான் அதைப் பைத்தியக்காரத்தனம் என்று அச்சில் ஏற்றி, தமிழ்நாடு முழுக்க அனுப்பியிருக்கிறேன். சாட்சிக்கு உள்ளூர் ஆள் யாரையும் கூப்பிடாமல் மாதப்பன் என்னை ஏன் பிடித்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

மாதப்பன் விடவில்லை. “பொதைக்கறது எல்லாரும் செய்யறதுதாங்க. தொட்டம்மா குழி மூணு வருசமா மூடிக் கெடக்குது. சரியா மூடாம உள்ள பூரா அழுகிப் போச்சு. அது தெரியாம, தெறக்கவே விட மாட்டேங்குதுங்க.”

“பஞ்சத்துக்கு வெச்சத ஆசப்பட்டுத் தெறப்பாங்களாடா?” என்றாள் நஞ்சம்மா.

ஜட்ஜ் பென்சிலைக் கீழே வைத்தார். “சனிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன்.”

எனக்கு வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் சனிக்கிழமை போனேன். யார் கூப்பிட்டார்கள்? யாரும் இல்லை. வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். குழிக்குள் ராகி அழுகியிருந்தால் அவளுடைய நிலமும் போய்விடும், வீடும் போய்விடும். அதற்கு வழி போட்டுக் கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டே!

குழி, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில். வாய் சின்னது, ஓர் ஆள் இறங்கலாம். மேலே ஒரு கல்பலகை, சுற்றிலும் மண் பூச்சு. நஞ்சம்மாவின் பண்ணையாள் பூச்சைக் கொத்திப் பலகையைப் புரட்டினான்.

“இப்ப ஆரும் கிட்ட வராதீங்க. கொஞ்ச நேரம் வுடணும்” என்றாள் நஞ்சம்மா.

“பாத்தீங்களா சார்! காட்டக் கூடாதுன்னு சாக்குச் சொல்லுது” என்றான் மாதப்பன். சட்டையைக் கழற்றிப் போட்டான். “நான் அள்ளியாறன். அழுகினத மோந்து பாருங்க.” குழியின் வாயில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டுவிட்டான்.

அந்த அம்மாள் ஓடிய ஓட்டத்தை என்னால் எழுத முடியாது. சுவைக்காகச் சேர்த்தது என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஒரு கையில் அவன் தலைமயிர், இன்னொரு கையில் அரைஞாண் கயிறு... ஒரே இழுப்பு! சாணியில் மல்லாந்து விழுந்தான்.

“எறங்குனா செத்துருவடா, எரும! செத்து உள்ள வுழுந்தீன்னா அத்தன ராகியும் பாழு!”

“பாருங்க, அடிக்கறாங்க...” என்று வக்கீல் ஆரம்பித்தார்.

நஞ்சம்மா அவரைக் கவனிக்கவில்லை. லாந்தரை ஏற்றிக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் இறக்கினாள். ஒரு முழம்... இரண்டு முழம்... விளக்கு எரிந்தது. இன்னும் கொஞ்சம் இறக்கினாள்.

பொட்டென்று அணைந்தது.

மேலே இழுத்து மறுபடி ஏற்றி இறக்கினாள். அதே ஆழம். மறுபடியும் அணைந்தது.

ஜட்ஜ் இரண்டடி பின்னால் நகர்ந்தார். நான் பத்தடி நகர்ந்தேன்.

“மூடி வெச்ச குழியில கெட்ட காத்து நிக்கும் சாமி. வெளக்கு அணையாம நின்னாத்தான் ஆளு எறங்கலாம். இவனுக்குச் சைக்கிளுக்குக் காத்தடிக்கத்தான் தெரியும்.”

“எவ்வளவு நேரம் ஆகும்மா?”

“வெயில் சாயட்டுங்க.”

ஜட்ஜ் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். காலை பத்து மணியிலிருந்து மத்தியானம் மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தார்! மோர் கொடுத்தாள், வேண்டாம் என்றார். கேஸ் நடக்கும்போது கட்சிக்காரர் வீட்டில் எதுவும் சாப்பிடக் கூடாதாம். கொண்டு வந்திருந்த கூஜாத் தண்ணீரையே குடித்தார். ஒரு பெண்பிள்ளையின் புத்தி அவளிடம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஒரு முழு சர்க்கார் அவள் வீட்டு வாசலில் பசியோடு காத்திருந்தது. நான் இதே விஷயத்தில் அரை நாளில் தீர்ப்புச் சொன்னவன்—அதுவும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு.

அந்த மோரை நஞ்சம்மா மாதப்பனுக்குக் கொடுத்தாள். முதுகில் சாணி காயக் காய, தலையைத் தூக்காமல் குடித்தான்.

மூன்று மணிக்கு விளக்கு அடி வரைக்கும் நின்று எரிந்தது. பண்ணையாள் இறங்கி ஒரு முறம் ராகி அள்ளிக்கொண்டு வந்தான். சிவப்பாக, நேற்று அடித்த தானியம்போல. ஜட்ஜ் ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். வக்கீல் கையில் கொட்டினார். வக்கீலும் முகர்ந்தார்.

“மாதப்பன், நீ ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கா?” என்றார் ஜட்ஜ்.

“தொட்டம்மாதான்... இல்லன்னா...” என்றான்.

அடுத்த வாரம், அவளுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது, சொத்தை நிர்வகிக்க யாரும் வேண்டாம் என்று ஜட்ஜ் எழுதி அனுப்பினார். சேலத்தில் மனு தள்ளுபடி ஆயிற்று. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்கத் தளி பஸ் ஏறினேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். போய் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. “அம்மா, நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னேன்.

நஞ்சம்மா கோபப்படவில்லை. ஒரு பை ராகியைக் கட்டி என் கையில் கொடுத்தாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“ஏனுங்கய்யா, அன்னிக்கு எழுதறதுக்கு நீங்க வந்தீங்க, சரி. பாக்கறதுக்கு ஒரு ஆளக் கூட்டியாந்திருக்கலாமில்ல?”