கெட் அவுட்டுக்குத் தமிழ்

அப்பாவும் மகனும் நேருக்கு நேர் நின்று கத்திக்கொள்ளலாம் என்பதே, வீட்டுக்குக் கேபிள் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அமெரிக்காவில் ஒரு குடும்பம். ஆர்டர் கொடுத்தால் ஆளுக்குத் தகுந்த மாதிரி பைக் செய்து தருவார்கள். பைக் செய்த நேரத்தைவிடச் சண்டை போட்ட நேரம்தான் அதிகம். அப்பன் கத்துவான், மகன் கதவை உதைப்பான், உடனே விளம்பரம் வரும்.

அனகாபுத்தூரில் எங்கள் அப்பாவுக்கும் வீட்டு வாசலிலேயே ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. அண்ணன் கூடவே வேலை பார்த்தான். அந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, அப்பாவின் சொந்த பைக்கை அறுத்து முன்சக்கரத்தை ஒரு முழம் தள்ளி மாட்டினான். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஓட்டிப் பார்த்த அப்பா, எங்கள் சந்து முனையில் திரும்ப முடியாமல் எதிர்வீட்டுச் சுவரில் போய் முட்டினார். இறங்கிவந்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "கெட் அவுட்" என்றார்.

அண்ணன் வெளியே போகவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டான். அப்பாவும் அப்படியே. நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்.

"ஸ்பேனர எடுக்கச் சொல்லு."

"அவரு கால்கிட்டதான் கீதுன்னு சொல்லு."

மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருப்போம். காலேஜில் படித்ததற்கு இப்படி ஒரு உத்தியோகம். சாயங்காலம் டிவி முன்னால் இரண்டாவது ஷிப்ட். அந்த அமெரிக்க அப்பனும் மகனும் திட்டிக்கொள்வதை அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

அந்த நேரத்தில்தான் அண்ணனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். அதையும் நான்தான் சொன்னேன். "போவச் சொல்லு" என்றார் அப்பா. பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். போகாதே என்று ஒரு வார்த்தை இவர் சொல்லமாட்டார், சொல்லாமல் அவனும் நிற்கமாட்டான். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்த அப்பன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். மகன் கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனான்.

"இன்னான்றான்?" என்றார் அப்பா.

"போகாதடா, நீ இல்லாம என்னால முடியாதுன்னு சொல்றாரு" என்றேன், கூசாமல்.

அண்ணன் சிரித்துவிட்டான். "புளுவுறாப்பா. அந்தாளு கெட் அவுட்ன்றான்."

அந்த 'அப்பா' அவனுக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

"கெட் அவுட் எனக்குத் தெரியாதா? நாந்தான சொன்னேன்" என்றார் அப்பா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். விளம்பரம் வந்ததும், "இவ சொன்னது கரெக்டுதான்டா" என்றார்.

திங்கட்கிழமை காலையில், ஓசூருக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், ஷெட்டில் இரண்டு பேரும் தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். ஸ்பேனர் எங்கே என்று என்னை யாருமே கேட்கவில்லை.