ரொட்டி சுற்றிய ஏழாம் பக்கம்

என் அண்ணி ஒரு சுரங்கக் கம்பெனியின் உள் தகவல் தொடர்புப் பிரிவில் வேலை பார்க்கிறார். பிரிவு என்றால் ஒரு மேலாளர், ஒரு கணினி, அண்ணி. மேலே இருப்பவர்கள் சொல்வதைக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்வது வேலை. கீழே என்றால் நிஜமாகவே கீழே. அண்ணன் அங்கே பாறைக்குள் டிரில் ஓட்டுகிறான்.

மாதம்தோறும் அண்ணி தயாரிக்கும் இதழ், கீழே இறங்குகிறவர்கள் தலைவிளக்கு வாங்கும் விளக்கு அறை வாசலில் வைத்த அன்றே தீர்ந்துவிடும். ஆளுக்கு மூன்று பிரதி எடுப்பார்கள். மேலாளர் இதை 'வாசகர் ஈடுபாடு' என்று வரைபடம் போட்டுத் தலைமையகத்துக்கு அனுப்புவார். உண்மைக் காரணம் குடியிருப்பின் எல்லா அடுப்படிகளுக்கும் தெரியும். அந்தத் தாள் எண்ணெயை நன்றாகக் குடிக்கும். ரொட்டி சுற்றத் தோதான அளவு. அண்ணிக்கும் தெரியும். முக்கியமான செய்தியைப் பக்கத்தின் நடுவில்தான் வைப்பார். "ஓரத்துல போட்டா மடிப்புக்குள்ள போயிடும்" என்பார்.

வரைபடத்தில் மயங்கிய தலைமையகம், பரிசாக வழவழப்பான தாளை அனுமதித்தது. அதில் எண்ணெய் நிற்காமல் வழிந்தது. வைத்த கட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

அந்த இதழில்தான் அந்த அறிவிப்பு வந்தது. டிரில் ஓட்டுகிறவர்கள் காதுப் பரிசோதனைக்குப் பெயர் கொடுக்கலாம். காது பாதிக்கப்பட்டிருந்தால் அதே சம்பளத்தில் மேலே வேலை. மாதக் கடைசிவரை அவகாசம். ஏழாம் பக்கத்தில், இயக்குநர் மரக்கன்று நடும் படத்துக்கு அடியில், பொடி எழுத்தில் போடச் சொன்னார் மேலாளர். "சொல்லலைன்னு நாளைக்கு எவனும் சொல்லக்கூடாது. அவ்வளவுதாம்மா."

வெடி வைக்கும் முன் ஊதும் சைரனை அண்ணன் இப்போதெல்லாம் பக்கத்து ஆள் ஓடுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான்.

"ஏங்க, காது டெஸ்டுக்குப் பேர் குடுத்துடுங்களேன்."

"எதுக்கு? எனக்கென்ன, நல்லாத்தானே கேக்குது!"

அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பித் தலை சீவத் தொடங்கினான். அண்ணி அவன் முதுகைப் பார்த்து, "உங்க பைக்கை வித்துட்டேன்" என்றார். அவன் நிதானமாக வகிடு எடுத்தான்.

அண்ணி முன்னால் போய் நின்று, சும்மா சொல்லிப் பார்த்த பைக் சமாச்சாரத்தைத் திரும்பச் சொன்னதும் கொஞ்சம் இறங்கி வந்தான். "நாலு பேர் போனா நானும் போறேன். தனியா போனா செவிடன்னு பேர் வெச்சுடுவானுங்க."

பிழை பார்ப்பதற்காகப் பெரிய எழுத்தில் சாதாரணத் தாளில் அச்சடித்த புரூஃப் பக்கங்கள் அச்சகத்தில் எப்போதும் கிடைக்கும். மறுநாள் அண்ணி ஏழாம் பக்கத்தை மட்டும் ஒரு பை நிறைய வாங்கி வந்தார். வீடு வீடாகக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு.

"அப்பாடா!" என்றார் வெல்டரின் மனைவி. "இந்த மாசம் குடுத்தது என்ன பேப்பரு? சுத்தினா ரொட்டி வழுக்கிட்டு ஓடுது. உங்க அண்ணிகிட்ட சொல்லு, படிச்சவங்க பண்ற வேலையா இது?"

அடுத்த நாள் மதியம் கீழே எல்லாருடைய டப்பாவிலும் ஒரே பக்கம். மீசை என்று எல்லாரும் கூப்பிடும் மூத்த டிரில்காரர் அதை உரக்கப் படித்தாராம். அங்கே எல்லாருமே உரக்கத்தான் பேசுவார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் மருத்துவ அறை வாசலில் வரிசை. மீசை, என் அண்ணனின் சட்டையைப் பிடித்து நடுவில் நிறுத்தியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்த அண்ணன், முந்தாநாள் பேச்சே நடக்காததுபோல் அண்ணியிடம் எரிந்து விழுந்தான். "காது டெஸ்ட் வெச்சிருக்காங்க. ஊருக்கே தெரிஞ்சிருக்கு. நீ அந்த ஆபீஸ்லதானே இருக்க? வீட்டுல ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

நான் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தேன். "மறந்துட்டேங்க" என்றார் அண்ணி.

வழவழப்புத் தாளுக்குக் கிடைத்த வெற்றி என்று மேலாளர் புதிய வரைபடம் அனுப்பினார். அண்ணன் பரிசோதனையில் நன்றாகவே தோற்றான். அவனை மேலே கிடங்கில் போட்டார்கள். யாரும் எடுக்காத இதழ்க் கட்டுகளை அடுக்குவதும் அவன் வேலைதான்.

"ஒருத்தனும் தொட மாட்டேங்கறான்" என்று நேற்றுக் காலை அலுத்துக்கொண்டான். "அப்படி என்னதான் எழுதறீங்க அதுல?"

அண்ணி நீளமாக ஏதோ சொன்னார். அவன் முதுகைக் காட்டியபடி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.