பதிவேட்டில் அக்காள் பெயர்

கன்னியம்மாளைக் குழப்புவது அவ்வளவு சுலபமில்லை. மார்க்கெட்டில் அவளிடம் எடையில் ஏமாற்றப் பார்த்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கே 2004இல் தலை கிறுகிறுத்துப் போயிற்று. தான் யார் பெண்டாட்டி என்பதே சந்தேகமாகிவிட்டால் வேறு எப்படி இருக்கும்?

புருஷன் மூர்த்தி வேங்கிக்காலில் ஒரு அரசாங்க ஆபீஸில் ஜீப் ஓட்டியவர். அவர் காரியமெல்லாம் முடிந்து, பென்ஷன் கேட்டுப் போனாள். ஃபைலைப் புரட்டிய குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார்.

"சம்சாரம் பேரு மணியம்மாள்னு இருக்குதே. நீங்க யாரும்மா?"

அட கடவுளே! மணியம்மாள் அவளுடைய அக்காள்.

"வேலையில சேரும்போது கோயில் கல்யாணப் பதிவோட நகல் குடுத்திருக்காரு. அதுல இருக்கிற பேருதான் இங்கயும். தப்புன்னா அங்க திருத்திக் கொண்டாங்க" என்றார் அவர்.

கல்யாணம் நடந்தது கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு குக்கிராமத்தில். கிணறுகள் வற்றி, சனமெல்லாம் கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விட்டது. இப்போது அங்கே குரைக்க ஒரு நாய்கூட இல்லை. அம்மன் கோயில் பதிவேடு மட்டும் பழைய தர்மகர்த்தா வேடியப்பனோடு கிளம்பி வந்து, கீழ்பென்னாத்தூரில் அவர் மகன் வீட்டுப் பீரோவில் கிடந்தது.

கன்னியம்மாள் போய்க் கேட்டதும் வேடியப்பன் பிரித்துக் காட்டினார். முன்னாலெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் கல்யாணம். போகப் போக வருஷத்துக்கு ஒன்று. கடைசியில் வெறும் கோடு போட்ட தாள். 1989ஆம் வருஷப் பக்கத்தில் மணமகள் மணியம்மாள், கீழே மூர்த்தியின் கையெழுத்து பளிச்சென்று இருந்தது.

"முகூர்த்தத்துல கூட்டம் ஜாஸ்திம்மா. அதனால மொதநாளே பேரெல்லாம் எழுதி வெச்சுடுவேன். தாலி கட்டினதும் மாப்பிள்ளை கையெழுத்து. உங்க அக்கா அன்னிக்கு ராத்திரியே ஓடிப்போவான்னு நான் என்ன ஜோசியமா பாத்தேன்?"

ஓடித்தான் போனாள், மனசுக்குப் பிடித்தவனோடு. விடிந்ததும் அப்பா, அக்காளுடைய கூறைப்புடவையைத் தங்கைக்குச் சுற்றி மணையில் உட்கார வைத்தார். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் களேபரத்தில் பதிவேடு யாருக்கு நினைவிருக்கும்?

"சாட்சி ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாங்க. இப்ப உங்க அக்காதான் வந்து, இது நானில்லன்னு எழுதிக் குடுக்கணும்" என்றார் வேடியப்பன்.

பஸ்ஸில் திரும்பும்போது பென்ஷன் கவலை போன இடம் தெரியவில்லை. மூர்த்தி எழுதப் படிக்கத் தெரிந்தவர். தாலி கட்டின பதற்றத்தில் பெயரைப் பார்க்கவில்லை, சரி. ஆபீஸில் நகல் கொடுத்தபோதுமா பார்க்கவில்லை? தெரிந்தேதான் விட்டாரா? மனசில் அக்காள்தான் இருந்தாளா? குழம்பில் உப்பு கம்மி என்றுகூட வாய் திறக்காத மனுஷன். வருஷா வருஷம் கல்யாண நாளன்று மட்டும் எங்கோ போய்விட்டு, இருட்டின பிறகு மல்லிகைப்பூவோடு வருவார், முகம் செத்திருக்கும். அது அக்காளை நினைத்துத்தானா? அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு தான் சிரித்ததை நினைத்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மணியம்மாள் செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்கு ரூம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஊரில் இருந்தும் பேச்சுவார்த்தை கிடையாது. கிரிவலத்தில் எதிர்ப்பட்டால்கூடச் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். இப்போது கன்னியம்மாள் நேராகப் போய்க் கதவைத் தட்டினாள்.

"எம் புருசன் இன்னும் உம் பேர்லதான் கெடக்கிறாரு. வந்து விட்டுக்குடு" என்றாள்.

மணியம்மாள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"அவரு வந்தாருடி" என்றாள்.

"எங்க வந்தாரு?"

"இங்கதான். வேலையில சேந்த வருசமே காயிதம் எழுதி எடுத்துக்கினு வந்தாரு. 'ஒரு கையெழுத்துப் போடுங்க, கன்னி பேரை ஏத்தணும்'னாரு. எங்க வீட்டுக்காரரு சந்தேகப்படுவாருன்னு கதவைச் சாத்திட்டேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு வருசமும் உங்க கல்யாண நாளுக்கு வந்து நிப்பாரு. நான் தொறக்கல."

கன்னியம்மாள் படியேறி அவள் முகத்துக்கு நேராக நின்றாள்.

"போன வருசமுமா?"

"போன வருசமுந்தான். இருமிக்கினே நின்னாரு."

இவளை அறைவதா, கட்டிக்கொண்டு அழுவதா? அதுவும் விளங்கவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"செருப்ப மாட்டு. கீழ்பென்னாத்தூர் பஸ் போயிடும்" என்றாள்.