கோத்தா திங்கியிலிருந்து வந்த சின்ன மோட்டார்

நான் விழுந்ததை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. விழுந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. மோட்டார் சைக்கிள்தான் சாய்ந்தது. நான் அதற்குக் கீழே போனேன்.

அன்று சனிக்கிழமை காலை. பாலோவில் டயர்க்கடை வைத்திருக்கும் நண்பரைப் பார்த்துவிட்டு செனாய்க்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு மலாய்க்காரர் காப்பிக்கடை வைத்திருக்கிறார். கடை முன்னால் சரளைக்கல், லேசான சரிவு. பதிமூன்று வருஷமாக நான் மோட்டாரை நிறுத்தும் இடம்தான். இடது காலை ஊன்றினேன். கல் உருண்டது. இருநூற்று நாற்பது கிலோ, அவசரமே இல்லாமல், மெதுவாக என் பக்கம் சாய்ந்தது. பிடித்துவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். ஐம்பது வயதில் அப்படிப் பிடித்திருக்கிறேன். இப்போது அறுபத்து நான்கு.

காலை உருவிக்கொண்டு எழுந்தேன். விழுந்த பெரிய மோட்டாரைத் தூக்க ஒரு வழி இருக்கிறது. சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கால்களால் பின்பக்கமாக உந்தி எழ வேண்டும். இளவட்டங்களுக்கு நானே அதைச் செய்து காட்டியிருக்கிறேன். மூன்று முறை உந்தினேன். மூன்று முறையும் அது ஒரு சாண் எழும்பி மறுபடி படுத்துக்கொண்டது. செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரியிலிருந்து இரண்டு வங்காளதேசத் தொழிலாளர்கள் இறங்கி வந்தார்கள். ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தி, "ஓகே, அங்கிள்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கடைக்காரர் உள்ளே காப்பி கலக்கிக்கொண்டிருந்தார். அவர் பார்த்தாரா என்பது தெரியவில்லை. நான் காப்பி குடிக்காமலே கிளம்பினேன்.

கிளட்ச் பிடியின் நுனி முறிந்திருந்தது. புதியது வாங்கி நானே மாட்டினேன். கணுக்காலுக்கு மேலே நாவற்பழ நிறத்தில் பெரிய கன்றல். இரண்டு வாரம் வீட்டில் கைலி கட்டவில்லை, முழுக்கால்சட்டைதான். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. முதலில் சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் கூப்பிட்டு, எலும்பு பரிசோதனை எப்போது செய்தீர்கள் என்று கேட்டாள். இதுவரை என் எலும்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுத்த வாரம் டயர்க்கடை நண்பர் போன் செய்து, வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தவர், நடுவில் "இடுப்பு எப்படி இருக்குண்ணே?" என்றார். என் இடுப்பு நன்றாக இருக்கிறது, ஏன் கேட்கிறாய் என்றேன். சும்மாதான் என்றார். அதற்கு இரண்டு நாள் கழித்து என் மனைவி, தட்டில் தோசையை வைத்துவிட்டு, கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். அதில் ஒரு மோட்டாரின் படம். இருநூற்று ஐம்பது சிசி, பச்சை நிறம், மெலிந்த உடம்பு.

"பாக்க நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

முப்பது வருஷம் செனாய் தொழிற்பேட்டையில் இயந்திரப் பராமரிப்பில் இருந்தவன் நான். மெஷின் ஏன் நின்றது என்று கேட்டால், அதை ஓட்டியவர் சொல்லும் முதல் காரணம் பெரும்பாலும் பொய்யாக இருக்கும். இரண்டாவது பாதிப் பொய். அப்படியே கேட்டுப் பழகியவனுக்கு ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. மூன்று பேர், இரண்டு வாரம், ஒரே திசை. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

என் சந்தேகம் நண்பர் மேல் விழுந்தது. என்னைவிடப் பத்து வயது இளையவர். வாராவாரம் அந்தக் காப்பிக்கடைக்குப் போகிறவர். கடைக்காரர் பார்த்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பார். சொன்னதை அவர் என் வீட்டுக்குக் கடத்தியிருப்பார். ஏன் கடத்த வேண்டும்? அதற்கும் எனக்கு விடை கிடைத்தது. என் பெரிய மோட்டாரை அவர் எப்படிப் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியும். டயர் மாற்றப் போனால் வேலையாளிடம் விடமாட்டார், தானே செய்வார். முடித்ததும் டாங்க்கை ஒரு முறை தடவிவிடுவார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனைவி குளிக்கப் போன நேரத்தில் அவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். நண்பரின் எண்ணுக்கு நான்கு அழைப்புகள் போயிருந்தன. ஒன்று பதினெட்டு நிமிடம். பதினான்கு வருஷப் பழக்கத்தில் நானே அவரிடம் பதினெட்டு நிமிடம் போனில் பேசியதில்லை.

மறுநாள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் காப்பிக்கடைக்குப் போனேன். இந்த முறை மோட்டாரைத் தார்ச்சாலை ஓரமாகவே நிறுத்தினேன். கடைக்காரரிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன். என் நண்பர் வந்தாரா, என்னைப் பற்றி ஏதாவது பேசினாரா என்று. அவர் நிதானமாகத் தலையாட்டினார். வந்தார், நீங்கள் நலமா என்று கேட்டார் என்றார். அவ்வளவுதான் அவர் வாயிலிருந்து வந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் நண்பரே பேச்சை எடுத்தார். மனைவி காட்டிய அதே பச்சை மோட்டார், கோத்தா திங்கியில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை வீட்டில் இருக்கிறதாம். தான் போய்ப் பார்த்ததாகவும், சுத்தமான வண்டி என்றும் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க வண்டிய எப்பவாச்சும் குடுக்கிற மாதிரி இருந்தா, மொதல்ல என்கிட்ட சொல்லுங்கண்ணே," என்றார்.

சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். கோத்தா திங்கி என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஆறு பெருகினால் அந்த ஊர் நீரில் நிற்கும். நீரில் மூழ்கிய மோட்டாரைக் கழுவித் துடைத்து, வெளியூர்க்காரன் தலையில் கட்டுவது ஒன்றும் புதிதில்லை. போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். வாங்குவதற்காக இல்லை. இவர்கள் செய்வதைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக.

காரை மனைவிதான் ஓட்டினார். நான் டார்ச் விளக்கும், ஸ்குரூ டிரைவர் பையும், ஒரு பழைய துணியும் எடுத்துக்கொண்டேன். அதைப் பார்த்தும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அரசாங்க கிளினிக்கில் முப்பது வருஷம் நோயாளிகளைப் பார்த்தவர். யாரையும் அவசரப்படுத்த மாட்டார்.

ஆசிரியை மலாய்க்காரப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். அவர் கணவர் வாசலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவருக்குச் சர்க்கரை நோயில் பார்வை போய்விட்டது, அதனால்தான் விற்கிறோம் என்றார் ஆசிரியை. அதையும் நான் உடனே நம்பவில்லை. கணவரின் முகம் என் காலடி ஓசை போகும் பக்கமெல்லாம் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

சீட்டைக் கழற்றினேன். முன்விளக்கைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தேன். வயர்கள் சேரும் இடங்களைப் பிரித்துப் பார்த்தேன். எண்ணெய் மூடியைத் திருகி, துணியில் ஒற்றினேன். எண்ணெய் கறுப்பாக இருந்தது, நீர் கலந்த பால் நிறம் இல்லை. ஆனால் காற்று வடிகட்டியின் பெட்டிக்குள் செம்மண் இருந்தது. விரலில் எடுத்து ஆசிரியையிடம் காட்டினேன். மலாயில் ஆசிரியர்களைக் கூப்பிடுவதுபோல, செகு, இது எப்படி வந்தது, வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று கேட்டேன்.

அவர் பதறவில்லை. கணவர் வாரந்தோறும் தோட்டத்துச் சாலைகள் வழியாக மீன்பிடிக்கப் போவார், அது அந்தப் புழுதி என்றார். வெள்ளம் வந்தது உண்மைதான், ஆனால் மோட்டார் நனையவில்லை. படியில் ஒரு பலகையைப் போட்டு, நானும் கணவருமாகத் தள்ளி வீட்டுக்குள் ஏற்றிவிட்டோம் என்றார். கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். வரவேற்பறையில் நாற்காலிகளுக்கு நடுவில் மோட்டார், மேலே பூ அச்சடித்த பாத்திக் சாரோங் போர்த்தியிருந்தது. வாசற்படியில் பழுப்பு நிற நீர். நான் படத்தைப் பெரிதாக்கி, எண் பலகை இதே எண்தானா என்று சரிபார்த்தேன். இதே எண்தான். அப்போதும் முகத்தை மாற்றிக்கொள்ளாமல், இரண்டு வயதானவர்களால் இதை ஏற்ற முடிந்ததா என்று கேட்டேன்.

"தக் பெர்ச்சாயா, தக் அப்பாலா," என்றார் ஆசிரியை. நம்பாவிட்டால் பரவாயில்லை என்று. குரலில் கோபம் இல்லை. ஆனால் சிரிப்பு போயிருந்தது. நாற்காலியில் இருந்த அவர் கணவர் மலாயில் மெல்லச் சொன்னார், தூக்கிப் பார்க்கச் சொல் என்று.

எனக்கு என்ன தோன்றியதோ, மோட்டாரைப் புல்தரைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். இன்ஜினை அணைத்து, ஸ்டாண்டை எடுத்துவிட்டு, அதை மெதுவாக இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தேன். ஆசிரியை பதறி இரண்டு படி இறங்கி வந்தார். நான் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, மூச்சைப் பிடித்து உந்தினேன். எழுந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக எழுந்ததில் நானே ஒரு அடி தள்ளாடினேன்.

மனைவி காருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தார்.

"அன்னிக்கு முடியலதானே?" என்றார்.

திரும்பும் வழியில், செம்பனை மரங்கள் முடிந்து கடைகள் வந்ததும் கேட்டேன். "உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. புது கிளட்ச் பிடியோட பொட்டி குப்பையில கெடந்திச்சி. கைலி தவிர வேற கட்டாத மனுசன் ரெண்டு வாரமா முழுக்கால் சிலுவார் போட்டுக்கிட்டு படுத்தீங்க. நீங்க தூங்கினப்ப தூக்கிப் பாத்தேன். கிளினிக்ல எத்தன காலு பாத்திருக்கேன்?"

நண்பருக்குப் போன் செய்ததும் அவர்தான். என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறார். நண்பருக்கு ஒன்றும் தெரியவில்லை. அதனால்தான் அவர் காப்பிக்கடைக்காரரிடம் நான் நலமா என்று விசாரித்திருக்கிறார். எடை குறைந்த மோட்டாராக ஒன்று தேடச் சொன்னதும் மனைவிதான். மகளிடம் சொன்னதும் அவரே. நான் கட்டி வைத்திருந்த கதையில் நண்பர் நின்ற இடத்தில் இப்போது மனைவி நின்றார். அதோடு நான் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆசிரியைக்கு அன்றே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். மோட்டாரை எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

இருந்தும் நண்பரைப் பற்றிய ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. பாலோவுக்குப் போய், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நேராகவே கேட்டேன், என் வண்டி மேல் உனக்கு ஆசையா என்று. அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமாண்ணே. பத்து வருஷமா. ஆனா அதுக்காக நான் உங்கள எறங்கச் சொல்லல."

இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்பது எனக்கு அதுவரை தோன்றியதில்லை. மாதக் கடைசியில் பெரிய மோட்டாரையும் சாவியையும் அவரிடம் கொடுத்தேன். அவர் அதை ஓட்டிக்கொண்டு கடை முன்னாலிருந்து திரும்பும்போது நான் பார்க்கவில்லை. உள்ளே போய் டயர்களின் அளவுகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

சின்ன மோட்டாரை முதல் வாரம் நான் நம்பவில்லை. நெடுஞ்சாலையில் லோரி கடந்தால் காற்று அதைத் தள்ளும். நூற்றுப் பத்துக்கு மேல் போனால் கைப்பிடி அதிரும். மோட்டார் நண்பர்களோடு குழுவாகப் போகும்போது எல்லாரும் எனக்காக மெதுவாகப் போகிறார்களோ என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போவேன். மூன்றாம் வாரம் தனியாக ஒரு தோட்டத்துச் செம்மண் பாதையில் திருப்பினேன். பெரிய மோட்டாரில் இருந்தால் அந்தத் திருப்பத்தைக் கண்டும் காணாமல் போயிருப்பேன். குழியும் சேறுமாகப் போக வர எட்டுக் கிலோமீட்டர். நடுவில் பாதை முடிந்துவிட்டது. இறங்கி, வண்டியைக் கையாலேயே திருப்பிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், அந்த எட்டுக் கிலோமீட்டரும் நான் யாரைப் பற்றியும் யோசிக்கவில்லை.

அது நீடிக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை மோட்டாரில் ஏறி உட்கார்ந்தால், இரண்டு கண்ணாடிகளிலும் என் தோள்தான் தெரிந்தது, சாலை தெரியவில்லை. யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள். சரி செய்துகொண்டு போனேன். வியாழக்கிழமை மறுபடியும் அப்படியே இருந்தது. இந்த முறை ஓட்டி முடித்து வந்ததும் கிலோமீட்டர் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தேன். சனிக்கிழமை பார்த்தபோது ஆறு கிலோமீட்டர் கூடியிருந்தது. வாசல் கேட்டில் பூட்டு அப்படியே இருக்கிறது. சாவி ஆணியில் தொங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரரைக்கூட ஒரு நாள் சந்தேகமாகப் பார்த்தேன்.

அடுத்த செவ்வாய், நடைப்பயிற்சிக்குப் போவதுபோல் கிளம்பி, எங்கள் தாமான் குடியிருப்பின் விளையாட்டுத் திடல் மூலையில் நின்றேன். பத்து நிமிடத்தில் பச்சை மோட்டார் வந்தது. என் ஹெல்மெட். அதற்குக் கீழே என் மனைவியின் பூப்போட்ட சட்டை. வளைவில் வேகம் குறைத்து, திரும்பிப் பார்த்து, சிக்னல் போட்டு, என்னைவிட ஒழுங்காகத் திருப்பினார். கல்யாணத்துக்கு முன்னால் பாலோ பக்கத்துத் தோட்டத்து கிளினிக்குகளுக்கு அவர் கப்ச்சாய் என்ற சின்ன மோட்டாரில் போய் வந்ததை எப்போதோ சொல்லியிருக்கிறார். நான் காதில் வாங்கியதில்லை. அவருடைய லைசென்ஸை வருஷாவருஷம் நானே போய்ப் புதுப்பித்துக் கொடுத்திருக்கிறேன். அதில் பி-இரண்டு என்று போட்டிருக்கும். அதாவது இருநூற்று ஐம்பது சிசி வரை. என் பழைய மோட்டாரை அவர் சட்டப்படி தொடவே முடியாது. இதை ஓட்டலாம்.

அவர் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். இரண்டு காலும் தரையில் நன்றாக ஊன்றியிருந்தன.

"இந்த மோட்டார யாருக்காகத் தேடின?" என்று கேட்டேன்.

ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "உங்களுக்குத்தான். வேற யாருக்கு?" என்றார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. முப்பது வருஷம் பொய்க் காரணங்களைக் கேட்ட காது என்னுடையது. அந்தப் பதிலில் என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பின்சீட்டில் ஏறிக்கொள்ளச் சொன்னார். ஏறினேன்.