லீடர் யாரிடம் சொல்வாள்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. பையனின் ஸ்கூலில் பெற்றோர் கூட்டம். வாரம் முழுக்கக் கம்பெனி பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போய் வந்த உடம்பு... லீவு நாளில் பிளாஸ்டிக் சேரில் உட்காரச் சொன்னால் கேட்குமா? ஆனாலும் போனேன். போகாவிட்டால், "எல்லார் அம்மாவும் வந்தாங்க" என்பதை ஒரு வாரம் கேட்க வேண்டுமே!

விஷயம் — பிள்ளைகளும் செல்போனும். வெளியூரிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் தெலுங்கில் பேசினார். பிரைவசி, பாஸ்வேர்டு, செட்டிங்ஸ்... ஆந்திர எல்லையில் எங்கள் சத்தியவேடு பக்கம் தமிழ் வீடுகளிலும் தெலுங்கு தண்ணி பட்ட பாடு. தெலுங்கு புரிந்தது. செட்டிங்ஸ்தான் புரியவில்லை. நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்த ஓர் அப்பா, முன்வரிசையிலேயே தூங்கிப்போனார். அவர்மேல் எனக்குப் பொறாமை.

அடுத்து மைக்கைப் பிடித்தாள் ஸ்கூல் லீடர் ஹேமா. டென்த் படிக்கிற ஒல்லிப் பெண். குரல் மட்டும் கணீர்.

"அங்கிள், ஆன்ட்டி... ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க பொண்ணு வந்து, 'எவனோ போன்ல என்னை மிரட்டிக்கினு இருக்கான்'னு சொன்னா, முதல்ல இன்னா பண்ணுவீங்க? நெஜத்தைச் சொல்லுங்க."

தூங்கிக்கொண்டிருந்தவர்தான் முதலில் கண்விழித்துச் சொன்னார்: "போனைப் புடுங்கிடுவேன். வேற இன்னா?"

"நான் ஸ்கூலையே நிறுத்திடுவேம்மா" என்றார் பின்னால் ஓர் அம்மா.

"அதுக்குப் பயந்துக்கினுதான் யாரும் வீட்ல சொல்றதில்ல, ஆன்ட்டி. எங்கிட்ட வந்து அழறாங்க. நான் டீச்சர்கிட்ட இட்டுக்கினு போறேன். ஆனா வீட்ல நீங்கதானே இருக்கீங்க? திட்ட மாட்டேன், புடுங்க மாட்டேன், முதல்ல காது குடுத்துக் கேக்கறேன்னு உங்க பசங்ககிட்ட சொல்லுங்க. அது போதும்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

பாராட்டலாம் என்று தேடிப் போனேன். தண்ணீர்க் குழாயடியில் தனியாக முகம் கழுவிக்கொண்டிருந்தாள். எவ்வளவு கழுவினாலும் கண் சிவப்புப் போகவில்லை.

"இன்னாம்மா ஆச்சு? நல்லாத்தானே பேசினே?"

கேட்டதுதான் தாமதம், உடைந்துவிட்டாள். அவள் போட்டோவை வைத்து எவனோ போலி ஐடி திறந்திருக்கிறான். 'என்னோடு பேசு, இல்லாவிட்டால் உன் பேரில் கண்டதையும் எழுதி ஊருக்கெல்லாம் அனுப்புவேன்' என்று மிரட்டல்.

"யாருகிட்ட சொன்னே?"

"யாருகிட்டயும் சொல்லல. லீடரே அழுதா, மத்தவங்க யாருகிட்ட போவாங்க ஆன்ட்டி?"

"அம்மாகிட்ட?"

"அம்மா குவைத்ல வீட்டு வேலைக்குப் போயிருக்காங்க. சொன்னா, அடுத்த ஃப்ளைட்டைப் புடிச்சி வந்துடுவாங்க. நைனாவுக்கு உடம்பு முடியல. அம்மா வந்துட்டா எங்க வீடு ஓடாது."

பிள்ளைகளுக்காகத்தான் கடல் தாண்டிப் போகிறோம். நாம் அங்கேயே இருக்க வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள்... யாரை நோவது?

புத்திமதி சொல்ல எனக்குத் தெம்பில்லை. என் போனை அவள் கையில் வைத்தேன். "அம்மாவைக் கூப்பிடு. நான் பக்கத்துலயே இருக்கேன்."

ஸ்பீக்கரில், "யாரு?" என்றது மறுமுனை.

"நான்தாம்மா."

"இன்னாடி, யாரு போன் இது? சோறு துன்னியா?"

தேம்பித் தேம்பிச் சொன்னாள். அம்மா குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார்.

"அழாத. நீ ஒரு தப்பும் பண்ணல. எவன் எதைக் காட்டினாலும் எம்பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியும். இப்பவே டீச்சரோட போயி கம்ப்ளெயின்ட் குடு. நான் கிளம்பி வரட்டா?"

"வேணாம்மா."

"அப்பன்னா, தெனம் பேசு. நல்லா இருக்கேன்னு மட்டும் பொய் சொல்லாத."

அன்றைக்கே டீச்சரோடு போய்ப் போலீசில் புகார் கொடுத்தாள். சில நாளில் அந்த ஐடி காணாமல் போனது. அவன் யார் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. ஹேமா லீடர் வேலையை விடவில்லை. கூட இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். "இனிமே மாத்தி மாத்தி அழலாம், ஆன்ட்டி" என்கிறாள்.

இவ்வளவையும் பார்த்த பிறகும், என் பையனிடம் வாயைத் திறக்க எனக்கு நேற்றுவரை ஆயிற்று. "எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லு. போனைப் புடுங்க மாட்டேன்" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தான். "நெஜமாவா?"

"நெஜமா."

"அப்பன்னா... நாளைக்குச் சொல்றேன்."

போன் அவன் கையில்தான் இருக்கிறது — என் கைதான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது!